தோற்றவர்களோடு வாசல்வரை நடந்த எங்கள் சின்னண்ணா

அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். நினைவு மலரில் வேட்டி சால்வையோடு, விபூதியோடு, அடக்கமாக ஒரு படம் இருப்பதுதான் முறை. நாங்களும் அப்படி ஒன்றைத் தேடாமல் இல்லை. அல்பம் அல்பமாகப் புரட்டினோம், எல்லோருடைய கைத்தொலைபேசியையும் வாங்கிப் பார்த்தோம். வேட்டியோடு படங்கள் இருந்தன. ஆனால் ஒன்றிலாவது சின்னண்ணா வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. கடைசியில் அண்ணிதான் முடிவு சொன்னார்.

"அந்த மினுங்கல் கோட்டோடை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற படத்தையே போடுங்கோ. சனத்துக்கு அவரை அப்பிடித்தான் தெரியும்."

ஆகவே அந்தக் கோட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல. அதைத் தைப்பித்தவரும் அவரே, அழகு என்று நம்பியவரும் அவர் ஒருவரே.

யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கத்தில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர் சின்னண்ணா. மூத்தவரான பெரியண்ணா இப்போது கனடாவில் இருக்கிறார். கடைசி நான். பெரியண்ணா படித்தார், நான் படிப்பதுபோல் பாவனை செய்தேன், சின்னண்ணா அந்தப் பாவனையைக்கூடச் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பாடம் ஒலிபெருக்கி. கோயில் திருவிழா என்றால் லவுட்ஸ்பீக்கர்காரரின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வார். சனத்துக்குள் தொலைந்துபோன பிள்ளைகளை அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். பெயரை அறிவித்துவிட்டுச் சும்மா இருந்தால் பிள்ளை வீரிட்டு அழும். அதனால் சின்னண்ணா அதனிடம் மைக்கிலேயே கேள்வி கேட்கத் தொடங்குவார். "உங்கடை வீட்டு நாய்க்கு என்ன பேர்? கொம்மா உம்மை என்னெண்டு கூப்பிடுறவ?" பிள்ளை அழுகையை மறந்து பதில் சொல்லும். வீதி முழுக்கக் கேட்டுச் சிரிக்கும். தாய் ஓடிவந்து பிள்ளையைத் தூக்குவதற்குள் அந்த வீட்டுச் சங்கதி பாதி ஊருக்குத் தெரிந்துவிடும். ஐயாவிடம் முறைப்பாடு வரும், சின்னண்ணாவுக்கு அடி விழும். அடுத்த திருவிழாவுக்கும் அங்கேதான் நிற்பார்.

நாட்டு நிலைமை எங்களையும் துரத்தியது. சின்னண்ணா முதலில் டென்மார்க் வந்தார். அகதி முகாமில் இருந்து, பிறகு எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து, என்னையும் கூப்பிட்டார். நான் வந்து இறங்கிய அன்று ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். "எடியே, மூக்கைப் பொத்திக்கொள். நான் வேலையாலை நேரை வாறன்" என்றார். மீன் மணத்தோடுதான் என்னை வரவேற்றார். அந்த மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அண்ணியைக் கைப்பிடித்த பிறகு, நான் எஸ்பியர்க்கிலேயே இருந்துவிட, அவர்கள் நாட்டின் மற்றக் கரையில் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே துளசி பிறந்தாள். சின்னண்ணா பஸ் ஓட்டப் போகிறேன் என்று புறப்பட்டார். ஓட்டுநர் பரீட்சையில் முதல் தடவையும் கோட்டை விட்டார், அடுத்த தடவையும் கோட்டை விட்டார். அந்த இரண்டாவது தோல்வியைப் பற்றி அவர் எப்போதும் சொல்வார். பரீட்சை நடத்திய டெனிஷ் பெண்மணி, சித்தியடையவில்லை என்று சொல்லிக் கையைக் கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லையாம். மழைக்குள் அவரோடு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்து வந்தாராம். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. தன் தோட்டத்து உருளைக்கிழங்கைப் பற்றிக் கதைத்தாராம். பஸ் வந்து அவர் ஏறும்வரை நின்றாராம். "அந்த மனுசி கிழங்கைப் பற்றிக் கதைச்சதாலைதான் நான் திரும்பச் சோதினைக்குப் போனனான்" என்பார். அடுத்த தடவை சித்தியடைந்து, கோப்பன்ஹேகன் வீதிகளில் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். தரிப்பிடங்களின் பெயரோடு பகிடியும் சேர்த்து மைக்கில் சொன்னதற்காக மேலிடத்தில் கூப்பிட்டுக் கதைத்ததும் உண்டு.

இனி நீங்கள் எல்லோரும் அறிந்த கதைக்கு வருகிறேன். ஐரோப்பாத் தமிழருக்கான ஒரு சிறிய தொலைக்காட்சிக்கு டென்மார்க்கிலிருந்து நிகழ்ச்சி செய்ய ஆள் தேடினார்கள். செய்தி வாசிக்கக் கூப்பிட்டால் சின்னண்ணா போட்டி நடத்துகிறேன் என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'மணி அடியுங்கோ'. அல்பர்ட்ஸ்லுண்டில் வாடகைக்கு எடுத்த ஒரு பாடசாலை மண்டபம், இரண்டு கமெரா, இரண்டு மேசை. ஒவ்வொரு மேசையிலும் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் பூட்டிய ஒரு மணி. ஒரு மேசையில் ஒரு பெற்றோரும் பிள்ளையும், மற்ற மேசையில் இன்னொரு பெற்றோரும் பிள்ளையும். தமிழ்ச் சங்கதிகளைப் பிள்ளையிடம் கேட்பார், டெனிஷ் சங்கதிகளைப் பெற்றோரிடம் கேட்பார். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பதில் தெரிந்தும் சொல்ல முடியாமல் தாய்மார் மேசையைப் பிறாண்டுவதைப் பார்க்கவே சனம் கூடியது.

வெல்பவருக்கு ஒரேயொரு கிண்ணம். இங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. எங்கள் விழாக்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஓடிய பிள்ளைக்கும் கிண்ணம், ஓடாத பிள்ளைக்கும் கிண்ணம், வாசலில் நின்று கச்சான் சாப்பிட்ட பிள்ளைக்கும் கிண்ணம். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு போனால் பெற்றோரின் முகம் கறுத்துவிடும். சின்னண்ணா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் குடுத்தால் அது கிண்ணமே? தேத்தண்ணிக் கோப்பை" என்றார். தோற்ற பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, "நான் போய் விட்டிட்டு வாறன்" என்றார். அப்போது எவருக்கும் அது விளங்கவில்லை.

முதல் ஒளிப்பதிவுக்கு எஸ்பியர்க்கிலிருந்து போனவர்கள், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆரணியும் அவளுடைய தகப்பனும். ஆரணிக்கு அப்போது சின்ன வயது. கெட்டிக்காரி. கடைசிக் கேள்வி வரைக்கும் சரிசமமாக வந்துவிட்டார்கள். சின்னண்ணா கேட்டார்: "அப்பான்ரை அக்காவின்ரை மகன் உமக்கு என்ன முறை?" ஆரணி மணியை அடித்து, பளிச்சென்று சொன்னாள்: "அண்ணா!"

இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் செய்யும் பிழைதான் அது. டெனிஷில் மாமி மகனும் பெரியப்பா மகனும் எல்லாம் 'ஃபெட்டர்', அந்த ஃபெட்டர் தமிழில் அண்ணா. மச்சான் என்றாலும் அத்தான் என்றாலும் சின்னண்ணா சரி போட்டிருப்பார். மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. முன்வரிசையில் தகப்பனின் அக்காவே மகனோடு வந்து உட்கார்ந்திருந்தார் என்பதுதான் பெரிய சங்கடம். வென்றவர்களைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டார்கள். கமெராவும் அங்கேதான். சின்னண்ணா கிண்ணத்தைக் கொடுத்த கையோடு, அந்த மினுங்கல் கோட்டோடு, வெளியே குளிருக்குள் ஆரணியோடும் தகப்பனோடும் கார் நின்ற இடத்துக்கு நடந்தார். பிள்ளை விக்கி விக்கி அழுதாள். சின்னண்ணா அவளிடம் அவளுடைய முயல்குட்டியைப் பற்றிக் கேட்டார். தகப்பன் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கார் திரும்பிப் போகும்வரை சின்னண்ணா கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு எஸ்பியர்க்கில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தமிழ்க் கடையில் ஆரணியின் தாய் என்னைக் கண்டதும் பருப்புப் பைக்கற்றை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி வாசித்தார். "பிள்ளையைக் கூப்பிட்டு வைச்சு மானத்தை வாங்கின ஆளின்ரை தங்கச்சி" என்று என் காதுபடவே சொன்னார்கள். அடுத்த ஒளிப்பதிவுக்கு வருவதாக இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒருவருக்குத் திடீர் காய்ச்சல், இன்னொருவருக்குத் திடீர் விருந்தாளி. தொலைக்காட்சிக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: எல்லோருக்கும் கிண்ணம் கொடுங்கள், அல்லது அடுத்த பதிவோடு கடையைச் சாத்துங்கள். அவருக்கு அந்த நிகழ்ச்சி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பேசினால் கண்டிக்கிறார்கள், வீட்டில் பேசினால் அண்ணி காதைப் பொத்துகிறார். வாயைத் தவிர வேறு சொத்தில்லாத மனிதருக்குக் கிடைத்த ஒரே மேடை அது. இறங்கிப் போங்கோ அண்ணா, ஒரு கிண்ணம்தானே என்று நானே தொலைபேசியில் மன்றாடினேன்.

அவர் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலங்களைத் தாண்டி எஸ்பியர்க்குக்கு வந்து, என் வீட்டில் சாப்பிட்டு, அண்ணி செய்து தந்த ரோல்ஸ் பெட்டியோடு, "வா, ஆரணி வீட்டை போவம்" என்றார். நான் கால் கூசக் கூசப் போனேன். தகப்பன் கதவைத் திறந்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களோ?"

"இல்லை அண்ணை. திரும்பக் கூப்பிட வந்தனான்."

தகப்பனின் முகம் சிவந்தது. "ஒருக்கா நாறினது காணாதோ?"

"ஒரு கேள்விக்குப் பதில் தெரியாட்டி நாறுறதே? எனக்கும் எத்தினை தெரியாது. பஸ் சோதினையிலை ரெண்டு தரம் பெயில் விட்டனான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இண்டைக்கும் ஊரைச் சிரிக்க வைக்கிறன்."

"உங்களுக்கு வெக்கம் இல்லை. எங்களுக்கு இருக்கு."

சின்னண்ணா ரோல்ஸ் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். அப்போது படிக்கட்டிலிருந்து ஆரணி எட்டிப் பார்த்தாள். தகப்பனோடு டெனிஷில் ஏதோ மளமளவென்று கதைத்தாள். பிறகு எங்களுக்கு விளங்கவேண்டும் என்று தமிழுக்கு வந்தாள்.

"எல்லாரும் வெண்ட ஆக்களிட்டைப் போயிட்டினம். இந்த மாமா மட்டும்தான் காரடி வரைக்கும் வந்தவர். நான் திரும்பப் போறன்."

"திரும்பத் தோத்தால்?" என்றார் தகப்பன். மகளிடம் கேட்டாரா சின்னண்ணாவிடம் கேட்டாரா தெரியாது.

"திரும்பவும் காரடி வரைக்கும் வாறன்" என்றார் சின்னண்ணா.

தகப்பன் கதவை அகலத் திறந்தார். பிறகு ரோல்ஸ் பெட்டியை வாங்கினார்.

திரும்பப் போனார்கள், திரும்பத் தோற்றார்கள். அதுதான் உண்மை. சின்னண்ணா விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இந்த முறை ஆரணி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கவிழ்த்தவர் தகப்பன். "உங்கடை மகளின்ரை வகுப்பு ரீச்சருக்கு என்ன பேர்?" என்ற கேள்விக்கு, பெற்றோர் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போய்வந்த மனிதர், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மணியைப் பார்த்தார். பெயர் வரவில்லை. ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். பிறகு தகப்பனின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அதைக் கண்டு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் தொலைக்காட்சி பிறகு வருடக்கணக்காக விளம்பரத்துக்குப் போட்டது. அன்று சின்னண்ணா காரடிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. வென்ற குடும்பம் கிண்ணத்தை வைத்துக்கொண்டு மண்டபத்தில் காத்துக் காத்துக் கோபித்துவிட்டது. போய்ப் பார்த்தால் மூன்று பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று முயல்குட்டிக்கு வந்த நோயைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு குடும்பங்கள் வரிசையில் நின்றன. டென்மார்க்கில் தமிழர் இருக்கும் ஊர்களில் 'மணி அடியுங்கோ' மேசையில் தோற்காத குடும்பம் குறைவு. தோற்ற கதையைக் கலியாண வீடுகளில் பெருமையாகச் சொல்லுமளவுக்கு எங்கள் சனம் மாறியது. அதை நான் கண்ணால் கண்டேன். ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும், மழையோ பனியோ, தோற்றவர்களோடு சின்னண்ணா வாசல் தாண்டி நடந்தார். ஆறுதல் சொல்ல மாட்டார். நாயைப் பற்றி, வேலையைப் பற்றி, கறிக்கு எந்தக் கடை மிளகாய்த்தூள் நல்லது என்பதைப் பற்றிக் கதைப்பார். தடிமனும் இருமலும் பிடித்துக்கொண்டு வந்து அண்ணியிடம் ஏச்சு வாங்குவார்.

அவரிடம் குறை இல்லை என்று எழுதினால் அவரே எழுந்துவந்து சிரிப்பார். எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. மற்றவர் கதையை முடிக்க விட்டதில்லை. என் கலியாணப் பதிவில் என் கணவருக்குப் பதிலாகத் தானே பதில் சொன்னார். ஆனால் கஷ்டத்தில் இருப்பவரைத் தெரு மாறிப்போய்த் தவிர்த்ததும் இல்லை. வேலை போனவர், பிள்ளையின் படிப்புப் பிழைத்தவர், கலியாணம் முறிந்தவர் என்று எங்கள் சமூகம் கதைக்கக் கூசும் ஆட்களின் வீடுகளில்தான் அவருடைய கார் அதிகம் நின்றது.

போன வருடம் வயிற்றில் நோய் கண்டது. சிகிச்சைக்கிடையிலும் பதிவுக்குப் போனார். கடைசிப் பதிவில் மைக்கை ஆரணியின் கையில் கொடுத்தார். அன்று அண்ணா என்று சொல்லித் தோற்ற பிள்ளை, இன்று கோப்பன்ஹேகனில் ஆசிரியை. தமிழில் ஒரு வசனம், டெனிஷில் ஒரு வசனம் என்று வெளுத்து வாங்கினாள். சின்னண்ணா சக்கர நாற்காலியில் இருந்து, தன்னுடைய பகிடிகளைவிட அவளுடையவை நன்றாக இருக்கின்றன என்று முறைப்பட்டார். போட்டி முடிந்ததும் பதறினார். "துளசி, தள்ளு பிள்ளை, கெதியாத் தள்ளு. அவை வெளிக்கிட்டிட்டினம்." துளசி தள்ளிக்கொண்டு ஓடினாள். தோற்ற தாயும் மகனும் காரைத் திறந்தபடி இவருக்காகக் காத்து நின்றார்கள்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்ன நாள் நான் பக்கத்தில் இருந்தேன். வைத்தியர் போன பிறகு சின்னண்ணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. தோத்துப்போனன்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "எடியே, என்னோடை ஆர் காரடிக்கு வருவினம்?"

அவர் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரியாமல் போனவை பல. அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. இதற்கு மட்டும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் நாயைப் பற்றி விசாரித்தார். சில நாட்களில், அண்ணியும் துளசியும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

இறுதிக் கிரியை முடிந்து, பெட்டியை வண்டிக்குக் கொண்டுபோகும் நேரம். மண்டப வாசலிலிருந்து வண்டி நின்ற இடம் கொஞ்சத் தூரம். உரித்துடையோர்தான் பெட்டியைத் தூக்குவதாக ஏற்பாடு. நான் பின்னால் நடந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் நான் தொலைக்காட்சியில் கண்ட முகங்கள். தோற்ற மேசைகளில் கண்ட முகங்கள். பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகள், நரைத்துப்போன பெற்றோர், பலர் கோட்டைக்கூடப் போடாமல். வென்றவர்களும் வந்தார்கள், குறை சொல்லக் கூடாது. எல்லோருக்கும் முன்னால், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி, ஆரணியின் தகப்பன் நடந்தார்.

"அண்டைக்கு நான் கண்ணாடியைக்கூட இறக்கேல்லைத் தங்கச்சி" என்றார் என்னிடம். வண்டியின் கதவு மூடி, அது வீதியில் திரும்பி மறையும்வரை ஒருவரும் நகரவில்லை. சின்னண்ணா கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். சரியான பதில். அவர் மணி அடிக்கச் சொல்லியிருப்பார்.

அவரைத் தங்கள் வீட்டு மனிதராகப் பார்த்துக்கொண்ட வைத்தியசாலைத் தாதியர், பூவோடு வந்த பஸ் ஓட்டுநர்கள், நாங்கள் அடுப்பு மூட்டாத நாட்களில் சமைத்து அனுப்பிய அல்பர்ட்ஸ்லுண்ட் வீடுகள், கிரியைகளைச் செவ்வனே செய்து தந்த ஐயர், கனடாவிலிருந்து பறந்து வந்து எங்களைத் தாங்கிய பெரியண்ணா, 'மணி அடியுங்கோ'வை நிறுத்தப் போவதில்லை என்று சொல்லி அடுத்த பதிவுக்குக் குடும்பங்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்ட ஆரணி, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. செத்தவீட்டுக்கு வந்தவர் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, வீட்டுக்காரர் எழுந்துவந்து வழியனுப்பவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கப்படியே நீங்கள் இந்த ஒரு மாதமும் வந்தீர்கள், இருந்தீர்கள், சத்தமில்லாமல் எழுந்து போனீர்கள். எஸ்பியர்க்கிலிருந்து வந்து, அழுதுவிட்டு, தனியே காருக்கு நடந்தவர்களை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னண்ணாவின் வீட்டிலிருந்து ஒருவரும் கூட வராமல் ஆட்கள் திரும்பிப் போனது அந்த நாட்களில்தான். எங்களுக்கு அது பெரும் தவிப்பாக இருந்தது.

முப்பத்தோராம் நாளான இன்றோடு அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறி, இழவுத் துடக்குக் கழிந்தது. ஐயரிடமும் கேட்டுவிட்டோம். இனி வழியனுப்பலாம் என்கிறார். ஆகையால் சாப்பிட்டு முடிந்ததும் பழைய ஞாபகத்தில் சொல்லாமல் நழுவிவிடாதீர்கள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எங்களை ஒருதரம் திரும்பிப் பாருங்கள். அண்ணியோ, துளசியோ, நானோ, யாராவது ஒருவர் உங்களோடு காரடி வரைக்கும் வருவோம்.